வண்டி பிடிக்கிறது என்னும் புகார்

புதிதாக வாங்கிய தானியங்கிக் கியர் எஸ்.யு.வி. வண்டியைப் பற்றி என் சித்தப்பா மகன் முதன்முதலாகச் சொன்ன குறை, அதன் விலையைப் பற்றியதன்று, அது குடிக்கும் பெட்ரோலைப் பற்றியதுமன்று; நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்திலேயே, யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல, வண்டி தன் வேகத்தை இழந்துவிடுகிறது என்பதே. "ஃப்ரீயா ஓட மாட்டேங்குது அண்ணே, பிடிக்குது" என்றான். விற்ற இடத்துக்கே கொண்டுபோனான். அங்கே நான்கு சக்கரங்களையும் தூக்கிச் சுழற்றிப் பார்த்து, பிரேக் ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "புது வண்டி சார், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓட ஓட அது சரியாகவில்லை. சரியாவதற்கு அதில் பிழை எதுவுமே இல்லை என்பதை அவர்களும் சொல்லவில்லை, அவனும் அறியவில்லை; அந்த அறியாமையின் பலனை நாங்கள் குன்னூர் இறக்கத்தில் அநுபவித்தோம்.

உதகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னிருக்கையில் சித்தப்பா, நாற்பது ஆண்டுக் காலம் அம்பாசடர் ஓட்டியவர். குன்னூரைத் தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகளோடு மேட்டுப்பாளையத்தை நோக்கி இறங்கும் அந்தச் சாலையில், வண்டி பிடிப்பது தம்பிக்குப் பொறுக்கவில்லை. லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினான். பெட்ரோலும் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு, பிரேக்கை மாத்திரம் நம்பி இறங்கத் தொடங்கினான். சித்தப்பா வாய் திறக்கவில்லை. ஆனால் அவருடைய வலது கால், பிரேக் இல்லாத இடத்தில், தரை விரிப்பை அழுத்திக்கொண்டேயிருந்ததை நான் பின்னிருக்கையிலிருந்து கண்டேன். பர்லியாரை நெருங்கும்போது கருகல் வாசனை உள்ளே புகுந்தது. முன்பெல்லாம் ஒரு விரற்கடை அமிழ்ந்த பிரேக் மிதி, இப்போது பாதி ஆழம் வரை போயிற்று. "கியர்ல போடுடா" என்று சித்தப்பா சொன்னார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பழக்கடைகளின் ஓரமாக நிறுத்தி, முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனபோது, எரியும் அடுப்பின் முன்னே நீட்டியதுபோல் இருந்தது. பிரேக் ஆறுவதற்காக அங்கே அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். வண்டியில் இருந்த குழந்தைகள் மங்குஸ்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வண்டி ஏன் பிடிக்கிறது என்பதை ஒருவர் அவனுக்கு நிதானமாக விளக்கியிருந்தால் அவன் நியூட்ரலைத் தொட்டிருக்கமாட்டான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகையால் அந்த விளக்கத்தையே இங்கே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

ஓடும் பொருளை எதுவும் தடுக்காவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பது நியூட்டன் வகுத்த நியதி. சாலையில் ஓடும் வண்டிக்கோ தடைகள் பல. முதலாவது காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. நடுத்தர அளவுள்ள ஓர் எஸ்.யு.வி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் அதன் மார்பில் காற்று தள்ளும் விசை ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமாக இருக்கும். அதுவே 50 கிலோமீட்டர் வேகத்தில் 10 கிலோதான். இரண்டாவது டயர். ரப்பர் சாலையில் அழுந்தி மீளும் ஒவ்வொரு முறையும் சிறிது சக்தி உஷ்ணமாகக் கழிகிறது; நல்ல தார்ச்சாலையில் இந்தத் தடை வண்டியின் எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. கனமான வண்டி, காலை எடுத்த பின்னும் வெகுதூரம் உருளவேண்டுமல்லவா என்று கேட்பவர் உண்டு. எடை கூடினால் டயரின் தடையும் அதே விகிதத்தில் கூடிவிடுவதால் அந்த வகையில் லாபம் ஒன்றுமில்லை. காற்றுக்கு எதிராக எடை துணைசெய்வது மெய்யே எனினும், எடையைக் கொண்டுவந்த அதே உயர்ந்த, அகன்ற உடல்தான் காற்றுக்கு அதிகமாக மார்பைத் திறந்து காட்டுகிறது.

இவ்விரண்டும் தம்பியின் பழைய காரிலும் இருந்தவையே. புதிதாக அவன் உணர்ந்தது எஞ்சினிலிருந்து வரும் தடை.

காலை எடுத்ததும் எஞ்சின் சும்மா இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அது பிரமை. கியர் பூட்டியிருக்கும்வரை, சக்கரங்களை எஞ்சின் சுழற்றிய நிலை மாறி, எஞ்சினைச் சக்கரங்கள் சுழற்றும் நிலை உண்டாகிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் திராட்டில் கதவு ஏறத்தாழ மூடிக்கொள்ள, பிஸ்டன்கள் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும், சிரிஞ்சின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அதன் தண்டை இழுப்பவன் எவ்வளவு சிரமப்படுவானோ அவ்வளவு சிரமப்பட்டே இறங்குகின்றன. அதோடு பிஸ்டன் வளையங்களின் உராய்வு, எண்ணெய் பம்பு, தண்ணீர் பம்பு, ஏ.சி. கம்ப்ரஸர் என்று அத்தனை சுமையையும் உருளும் வண்டியின் வேகமே சுமக்கவேண்டும். இன்றைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரும் இந்தச் சமயம் பார்த்தே பாட்டரிக்கு அதிகமாக மின்சாரம் ஏற்றுகிறது.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கியர் பூட்டியிருக்க, காலை எடுத்துவிட்டு, எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்துச் சில நூறு சுற்றுகளுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்குமானால், அதன் மின்னணு மூளை இன்ஜெக்டர்களை அடியோடு மூடிவிடுகிறது. அப்போது எஞ்சினுக்குள் ஒரு துளி பெட்ரோல்கூடப் போவதில்லை. நியூட்ரலில் தள்ளினாலோ, சக்கரத்தின் துணை அறுந்துபோவதால், எஞ்சின் தன் மூச்சைத் தானே காப்பாற்றிக்கொள்ள மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரித்தாக வேண்டும். மலை இறக்கத்தில் சிக்கனம் என்று எண்ணி நியூட்ரல் போடுகிறவன், எரியாதிருந்த பெட்ரோலை எரிக்கத் தொடங்குகிறான்.

சரி, தானியங்கி வண்டியில் மாத்திரம் இது ஏன் அதிகமாகத் தெரிகிறது? பழைய தானியங்கி வண்டிகள் காலை எடுத்தால் மிதந்து போகும் என்று அவற்றை ஓட்டியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது உண்மைதான். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்னும் உறுப்பு இருக்கிறது. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்டு காப்புரிமை பெற்ற தத்துவம் அது. மோர்ப் பானையில் மத்தைச் சுழற்றினால் மோர் சுழன்று, அதில் மிதக்கும் வெண்ணெய்த் திரளையும் சுற்றிக்கொண்டு போகிறதல்லவா? மத்து வெண்ணெயைத் தொடவேண்டியதில்லை. அப்படியே ஒரு பக்கத்து இதழ்கள் எண்ணெயைச் சுழற்ற, எண்ணெய் மறுபக்கத்து இதழ்களைச் சுழற்றுகிறது. இந்த எண்ணெய் வழுக்கலால் பழைய வண்டிகளில் சக்கரத்தின் இழுப்பு எஞ்சினுக்கு முழுமையாகப் போய்ச் சேராது; அதனால்தான் அந்த மிதப்பு. ஆனால் வழுக்கல் என்பது நஷ்டம். அமெரிக்கப் பாக்கார்டு கம்பெனி 1949-இலேயே கன்வர்ட்டருக்குள் ஒரு கிளட்சை வைத்து, தக்க வேகம் வந்ததும் இரு பக்கத்தையும் இரும்பாகப் பூட்டிவிடும் உபாயத்தைத் தன் வண்டிகளில் கொண்டுவந்தது; 1970-களில் எண்ணெய் விலை உலகத்தை உலுக்கிய பிறகு அந்தப் பூட்டு எங்கும் பரவிற்று. இன்றைய எஸ்.யு.வி.யில், காலை எடுத்த பின்னும் அந்தப் பூட்டு உடனே விடுவதில்லை. அதற்குமேல், வேகம் குறையக் குறைய எஞ்சின் சுற்று இறங்கி, இன்ஜெக்டர் மீண்டும் திறக்கும் எல்லையை எட்டிவிடாதபடி, கியர்ப் பெட்டி தானாகவே ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நான்கு என்று இறங்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு படியிலும் எஞ்சினின் பிடி சற்று இறுகுகிறது. தம்பி சொன்ன கயிறு இதுதான்.

இவ்வளவு நன்மை செய்யும் பிடியை நம்மவர்கள் வெறுப்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை அவமதிக்க நான் விரும்பவில்லை. அம்பாசடரும் பத்மினியும் கார்புரேட்டரோடு ஓடிய காலத்தில், காலை எடுத்தாலும் பெட்ரோல் நிற்பதில்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு சிறு தாரையாக வந்துகொண்டே இருக்கும். ஆகையால் கியரில் விட்டு எஞ்சினை வீணே வேகமாகச் சுழலவிடுவதைக் காட்டிலும், நியூட்ரலில் தள்ளி மெதுவாக மூச்சுவிடச் செய்வது சமவெளியில் சிக்கனம் என்று அக்காலத்துச் சாரதிகள் கண்டது தவறன்று. அந்தக் கணக்கைத் தந்தை மகனுக்குச் சொன்னார், மகன் தன் கிளீனருக்குச் சொன்னான். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் புதிய கார்களிலிருந்து மறைந்தது. கணக்கு மாத்திரம் மறையவில்லை. எஞ்சினைக் கழற்றி ஓட்டுவதே நியாயமாக இருந்த யந்திரம் வேறொன்றும் உண்டு: ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனியின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் கார்களில், சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுவதுபோல, காலை எடுத்ததும் எஞ்சினைத் தானே கழற்றிவிடும் ஃப்ரீவீல் இருந்தது. பெட்ரோலோடு கலந்துவரும் எண்ணெய்தான் அந்த எஞ்சினுக்கு ஆதாரமாகையால், பெட்ரோல் குறைந்தபடி வேகமாகச் சுழன்றால் அது வறண்டு பழுதாகும் என்பது காரணம். எந்தப் பழக்கமும் அதைப் பிறப்பித்த யந்திரத்தோடு சேர்த்தே மதிக்கத்தக்கது.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வேகம் குறையவேண்டிய அவசியமே இல்லாத சமவெளியில், எஞ்சினின் பிடியும் ஒரு நஷ்டந்தானே, வண்டியை மிதக்கவிட்டால் அதே பெட்ரோலில் இன்னும் சிறிது தூரம் போகலாமே என்றால், போகலாம். சில ஐரோப்பிய வண்டிகள் சிக்கன முறையில் வைத்து ஓட்டும்போது அதையே செய்கின்றன. காலை எடுத்ததும் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பிரேக்கைத் தொட்டாலோ வேகம் மிஞ்சினாலோ கணத்தில் மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. கணந்தோறும் கவனித்துப் பூட்டும் யந்திரத்துக்கும், லீவரைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கும் மனிதக் கைக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. முன்னே ஒரு சிவப்பு விளக்கோ சுங்கச் சாவடியோ தெரிந்துவிட்டால் அங்கேயும் கியரில் விட்டு உருளுவதே சிக்கனம். எப்படியும் நிற்கப் போகிற வண்டி, பெட்ரோல் இல்லாமல் நிற்கட்டுமே.

மலையில் இந்த வாதத்துக்கே இடமில்லை. பயணிகளோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால், அதனிடமிருந்து விடுபடும் சக்தி, நான்கு குடம் தண்ணீரை நம் ஊர் வெயில் நிலையிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோகப் போதுமானது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம் ஆயிரம் மீட்டருக்கும் அதிகம். காற்றும் டயரும் ஒரு பங்கை ஏற்கும். மலைப்பாதையில் வேகம் குறைவாதலால் காற்றின் பங்கு சிறிது. மிச்சத்தை யார் தாங்குவது? கியரில் இருந்தால் எஞ்சின் தாங்கும். அது தாங்கும் பளு முழுவதும் சிலிண்டர் சுவர்கள் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் காற்றில் கலந்துவிடும். இரண்டாம் கியரில் எஞ்சினின் பிடி உயர்ந்த கியரில் இருப்பதைவிடச் சுமார் மூன்று மடங்கு. நியூட்ரலில் இருந்தால் உள்ளங்கை அளவுள்ள சில பிரேக் பட்டைகளே அத்தனையையும் தாங்கவேண்டும். உஷ்ணம் ஏற ஏறப் பட்டைகளின் உராய்வு குன்றுகிறது. பிறகு பிரேக் எண்ணெய் கொதிக்கிறது. டாட் 3 வகை எண்ணெய் புதியதாக இருக்கையில் 205 பாகை வரை தாங்கவேண்டும் என்பது விதி. காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின் 140 பாகையே போதும் அது கொதிக்க. கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெய் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதியை எவ்வளவு மிதித்தாலும் அந்த மிதி குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பர்லியாருக்கு மேலே எங்கள் வண்டியின் மிதி பாதி ஆழம் போனபோது நாங்கள் எந்த எல்லையருகே நின்றோம் என்பதை நினைத்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

காலை எடுத்ததும் வண்டி பிடிக்கவேண்டுமே என்று ஏங்கியவர் கதையொன்று உண்டு. டீசல் எஞ்சின் உற்பத்தியில் பேர்பெற்ற கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-இல், தம் எஞ்சின் பூட்டிய லாரியில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோது பிரேக் செயலற்றுப் போயிற்று. அடிவாரத்து ரயில் பாதையில் சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. அவரும் துணைவர்களும் மயிரிழையில் தப்பினார்கள். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் கதவு கிடையாது. பிஸ்டன் அழுத்திய காற்று, ஸ்பிரிங்கைப் போல, அந்தச் சக்தியைத் திருப்பித் தந்துவிடுகிறது. ஆகையால் அதன் பிடி பெட்ரோல் எஞ்சினின் பிடியைவிட இயல்பாகவே குறைவு. கம்மின்ஸ் அந்த இறக்கத்தை மறக்கவில்லை. காற்று அழுத்தம் உச்சிக்கு வந்த தருணத்தில் வால்வைத் திறந்து, சேர்ந்த சக்தியை வெளியே கொட்டிவிட்டால், எஞ்சினே பிரேக் ஆகிவிடும் என்று பல ஆண்டுகளுக்குப் பின் அவர் கண்ட உபாயத்தை, ஜேகப்ஸ் கம்பெனி 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே கலிபோர்னியாவின் சட்டம், இறக்கத்தில் நியூட்ரலில் உருளுவதையே தடை செய்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் சாலைக்குப் பக்கத்திலேயே, 1899 முதல் குன்னூருக்கு ஓடிக்கொண்டிருக்கும் நீலகிரி மலை ரயில், 12.5 அடிக்கு ஓர் அடி வீதம் உயரும் செங்குத்தான பற்சக்கரப் பாதையில் இறங்கும்போது, அதன் நீராவி எஞ்சின், தன்னை ஏற்றிவிட்ட உருளைகளையே காற்றை அழுத்தும் தடையாக மாற்றிக்கொண்டு இறங்குகிறது. ஏற்றிய யந்திரமே இறக்கவும் வேண்டும் என்பதை அந்தப் பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள்.

நிற்க. பிடிப்பதெல்லாம் நன்மை என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தாலும், வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும், சமதளத்தில் நியூட்ரலில் நிற்கும்போது தள்ளினால் நகர மறுத்தாலும், அது பிரேக் ஒட்டுவதன் அடையாளம், உடனே மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். டயரில் காற்று குறைந்தாலும் வண்டி தளரும். இவை எதுவும் இல்லையென்றால், தளர்வது எஞ்சின் செய்யும் வேலை.

நான் வருந்துவது வேறொன்றைப் பற்றி. லட்சக்கணக்கில் விலை வாங்கிக்கொண்டு ஒரு வண்டியைக் கையில் கொடுக்கும்போது, மாலை போட்டுப் படம் எடுக்க நேரம் இருக்கிறது. திரையில் பாட்டு எப்படிக் கேட்பது என்று காட்ட நேரம் இருக்கிறது. இறக்கத்தில் லீவரை எங்கே வைப்பது என்று சொல்ல ஐந்து நிமிஷம் இருப்பதில்லை. தம்பிக்குக் கொடுத்த கையேடு தடித்த ஆங்கிலப் புத்தகம். நியூட்ரலில் உருளாதே என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. பர்லியாரிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் அதை நாங்கள் தேடிக் கண்டோம். சென்னையைச் சுற்றிலும் கார்கள் உற்பத்தியாகும் ராஜ்யத்தில், அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் அச்சிட்டு வண்டியின் கண்ணாடிக்குக் கீழே ஒட்டித்தருவது பெருஞ்செலவா? ஓட்டுநர் பள்ளிகளும் சமதளத்தில் கியர் மாற்றக் கற்பித்து, திடலில் பின்னோக்கி வளைந்து வரக் கற்பித்து, அத்தோடு விட்டுவிடுகின்றன. கொல்லிமலைக்கு 70 வளைவுகள், வால்பாறைக்கு 40, கல்லட்டிக்கு 36 என்று மலைகளை வைத்துக்கொண்டிருக்கும் நாட்டில், இறங்கக் கற்காதவனுக்கு ஓட்டும் உரிமம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாம் கியரில் இறங்குக என்று சாலையோரப் பலகைகள் சொல்கின்றன. தானியங்கி வண்டியில் இரண்டாம் கியர் எங்கே இருக்கிறது என்று அந்தப் பலகைகளும் சொல்வதில்லை. வண்டிக்கு வண்டி அது வேறுபடும்: சிலவற்றில் எல் என்ற எழுத்து, சிலவற்றில் பி (B), சிலவற்றில் லீவரைப் பக்கவாட்டில் தள்ளிக் கூட்டல் கழித்தல் குறியால் இறக்குவது, சிலவற்றில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரு சிறகுகள். வாங்குகிறவர்கள் சாவியைப் பெற்றுக்கொள்வதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். விற்கிறவர்கள், கேட்காதவருக்கும் சொல்லியே ஆகவேண்டும்.

இந்த ஆண்டு மறுபடியும் அந்தச் சாலையில் இறங்கினோம். குன்னூரை விட்டதும் தம்பி லீவரைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டுக்கு இறக்கினான். எஞ்சின் சற்று உரக்க முனகிற்று. வண்டி தானாகவே தன் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை ஒருமுறை தொட்டதோடு இறங்கிற்று. பர்லியாரில் நிறுத்தினோம், இம்முறை மங்குஸ்தானுக்காக. சித்தப்பா இறங்கி, முன் சக்கரத்தருகே குனிந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பழக்கடைப் பக்கம் நடந்தார்.